ஒரே விரலில் மீண்டும் மீண்டும் அடி: கிரேஹவுண்ட் நாய் வளர்ப்போர் அறிய வேண்டியவை

வீட்டில் செல்லமாக வளரும் கிரேஹவுண்ட் நாய், காலையில் ஓடிவிட்டுத் திரும்புகிறது. முன்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறது. பார்த்தால் ஒரு விரல் வீங்கியிருக்கிறது. கழுவி, மருந்து தடவி, ஒரு வாரம் வீட்டிலேயே வைத்திருந்தால் வீக்கம் வடிகிறது, நடையும் சீராகிறது. மறுபடி ஓட விட்ட சில நாட்களில் அதே கால், அதே விரல், அதே வீக்கம். "எத்தனை முறைதான் பார்ப்பது? இந்த விரலுக்கு என்ன கண்ணேறோ!" என்று வீட்டில் உள்ளவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள்.

கண்ணேறுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரே விரலில் திரும்பத் திரும்ப அடிபட்டால் அவை பெரும்பாலும் தனித்தனி விபத்துகள் அல்ல. முதல் அடி முழுமையாக ஆறவில்லை, அல்லது அதன் உண்மையான காரணம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதுதான் பொருள். இந்த ஓர் உண்மையைப் புரிந்துகொண்டால் சிகிச்சையின் பாதை மாறிவிடும். புரியாமல் விட்டால் விரல் மட்டுமின்றி, சில வேளைகளில் காலும் உயிரும்கூட ஆபத்துக்குள்ளாகலாம்.

ஓடுவதற்கென்றே அமைந்த பாதம்

மனிதர்கள் பாதம் முழுவதையும் ஊன்றி நடக்கிறோம். நாய் அப்படியல்ல, அது விரல்களை ஊன்றி நடக்கும் பிராணி. ஒவ்வொரு பாதத்திலும் நான்கு விரல்கள் தரையைத் தொடுகின்றன. முன்காலின் உட்பக்கம் சற்று மேலே இருக்கும் சிறு விரலை முதலாவதாகக் கொண்டு, அங்கிருந்து வெளிப்புறமாக இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என மருத்துவர்கள் எண்ணுவார்கள். இவற்றுள் நடுவில் உள்ள மூன்றாம், நான்காம் விரல்களே உடல் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குகின்றன. தரையைத் தொடும் ஒவ்வொரு விரலிலும் மூன்று சிறு எலும்புகள் உண்டு. அந்த எலும்புகள் கூடும் மூட்டுகளை இரு பக்கமும் மெல்லிய நார்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. கதவுக்குக் கீல் எப்படியோ, விரலுக்கு இந்த நார்கள் அப்படி.

கிரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடக்கூடியது. வளர்ந்த ஆண் நாய் ஏறக்குறைய 30 கிலோ எடை இருக்கும். அது பாய்ந்து ஓடும்போது ஒரு பாய்ச்சலில் இரண்டு முறை நான்கு கால்களும் காற்றில் இருக்கும். தரையில் இறங்கும் நொடியில் ஒற்றைக் கால் மட்டுமே முழுச் சுமையையும் வாங்கும் தருணங்கள் உண்டு. அந்தச் சுமை கடைசியில் போய்ச் சேருவது நம் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத சிறு எலும்புகளின் மீதுதான். போதாக்குறைக்கு இந்த இன நாய்க்குத் தோல் மெல்லியது, தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு. மற்ற நாய்க்குச் சிராய்ப்பாகப் போவது இதற்குக் கிழிசலாகிவிடும்.

தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் பெயர்பெற்ற சிப்பிப்பாறை, கன்னி ஆகிய வேட்டை நாய்களும் இதே போன்ற ஒல்லியான உடலும் நீண்ட கால்களும் கொண்டவை. இங்கே சொல்லப்படுபவை பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும்.

பந்தயத் திடல் கற்றுத் தந்த பாடம்

கிரேஹவுண்ட் நாயின் கால் காயங்களைப் பற்றி மருத்துவ உலகம் அறிந்தவற்றில் பெரும்பகுதி ஆஸ்திரேலியா, பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் பந்தயத் திடல்களிலிருந்து வந்ததாகும். அங்கே நாய்கள் வட்டத் திடலில் இடப்புறமாகவே திரும்பித் திரும்பி ஓடுகின்றன. ஒவ்வொரு வளைவிலும் குறிப்பிட்ட கால்களே கூடுதல் சுமையை வாங்குவதால், காயங்களும் குறிப்பிட்ட இடங்களிலேயே வருகின்றன. வலது பின்னங்காலின் கணுக்கால் எலும்பு உடைவது இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம். அதாவது காயம் வரும் இடத்துக்கும் நாய் ஓடும் விதத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

பந்தயத்திலிருந்து விடுபட்ட நாய்கள் இன்று பல நாடுகளில் வீட்டு நாய்களாகின்றன. மக்காவின் கெனிட்ரோம் பந்தயத் திடல் 2018ஆம் ஆண்டு மூடப்பட்டபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய்களுக்குப் புது வீடு தேட வேண்டியிருந்தது. நியூசிலாந்து அரசாங்கமும் இந்தப் பந்தயத்துக்கு முடிவு கட்டப்போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. இப்படி வரும் நாய் பழைய காயத்தையும் கூடவே கொண்டுவரக்கூடும். காதின் உட்புறம் பச்சை குத்திய எழுத்தோ எண்ணோ இருந்தால் அது பந்தயத்துக்காகப் பதிவு செய்யப்பட்ட நாயாக இருக்கலாம். அதன் பழைய மருத்துவக் குறிப்புகளையும் எக்ஸ்ரே படங்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மலைச் சரிவின் சோதனை

கேமரன் மலையில் பந்தயத் திடல் இல்லை. ஆனால் விரலுக்குச் சோதனை தரும் நிலம் இருக்கிறது. 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்கு வந்ததால் அவர் பெயரைப் பெற்ற இந்த மலையில், 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அன்று முதல் தமிழர்களின் உழைப்பில் பசுமையான சரிவுகள் இவை. கண்ணுக்கு அழகான அதே சரிவு, வேகமாக ஓடும் நாயின் பாதத்துக்குக் கடினமானது.

சரிவில் குறுக்காக ஓடும்போது பாதத்தின் ஒரு ஓரம் மட்டும் அதிகச் சுமை தாங்குகிறது. தேயிலை நிரைகளுக்கு இடையே வழி குறுகல். கவ்வாத்து வெட்டிய பிறகு கூரான குச்சிகள் தரையில் கிடக்கும், வெட்டிய அடிக்கட்டைகளும் நீட்டிக்கொண்டிருக்கும். மண்சாலையில் சரளைக்கல், வீட்டோரம் சிமெண்டுக் கால்வாய், மழை பெய்தால் வழுக்கும் களிமண் என எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. அடிக்கடி பெய்யும் மழையாலும் மூடுபனியாலும் விரலிடுக்குகள் எளிதில் காய்வதில்லை. ஊறிய தோல் சுலபமாகப் பிளக்கும், கிருமியும் சுலபமாக நுழையும். அட்டை கடித்த இடத்தில் இரத்தம் உறையாமல் வடிந்துகொண்டே இருப்பதால் அதைப் பெரிய காயம் என்று எண்ணிப் பதறுவோரும் உண்டு, உண்மையான காயத்தை அட்டைக்கடி என்று எண்ணி விட்டுவிடுவோரும் உண்டு.

காயம் ஒன்று, காரணம் பல

விரல் வீங்கியிருக்கிறது என்பது அடையாளம் மட்டுமே. காரணம் எது என்று பிரித்தறிவதில்தான் சிகிச்சை இருக்கிறது.

முதலாவது நகம். நீண்டு வளர்ந்த நகம் நெம்புகோல் போல வேலை செய்யும். தரையில் இடிக்கும் ஒவ்வொரு முறையும் விரல் மூட்டைப் பக்கவாட்டில் முறுக்கும். மூட்டில் கோளாறு என்று தேடிக்கொண்டிருக்கும் வேளையில், நகத்தை ஒழுங்காக வெட்டியதுமே தொல்லை குறைந்துபோவது உண்டு. நகம் உடைந்து அதன் உயிர்ப்பகுதி வெளியே தெரிந்தால் கடுமையாக வலிக்கும், சீழும் பிடிக்கலாம். ஒரு நகம் மட்டுமின்றிப் பல கால்களில் நகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழுந்தால் அது அடிபட்டதால் அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே நகத்தின் வேரைத் தாக்கும் நோய் ஒன்று கிரேஹவுண்ட் நாய்களுக்கு வருவதுண்டு. அதற்குப் பல மாதச் சிகிச்சை தேவைப்படும்.

இரண்டாவது, விரல்களுக்கு இடையிலுள்ள தோல் கிழிவது. பார்க்கச் சிறியதாக இருக்கும். ஆனால் ஓடும்போது விரல்கள் விரிவதால் ஆறத் தொடங்கிய கிழிசல் மறுபடி பிளந்துகொள்ளும். இதைத் தையல் போட்டுச் சரிசெய்ய வேண்டி வரலாம்.

மூன்றாவது, மூட்டு நார் அறுவது அல்லது தளர்வது. திரும்பத் திரும்ப வரும் காயத்துக்கு முக்கியமான காரணங்களுள் இதுவும் ஒன்று. விரல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும், தொட்டால் நாய் காலை இழுத்துக்கொள்ளும். நார் சரியாகக் கூடாவிட்டால் மூட்டு ஆட்டங்கண்ட கீல் போலாகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் மறுபடி விலகும், நாளடைவில் மூட்டுத் தேய்மானமும் வந்து சேரும்.

நான்காவது எலும்பு முறிவு. விரல் எலும்பில் மெல்லிய கீறல் இருந்தால் வெளியே தெரியாது. எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

ஐந்தாவது கால் ஆணி. மற்ற இனங்களில் அரிதான இது கிரேஹவுண்ட் நாய்களுக்கு மிகச் சாதாரணம். பெரும்பாலும் நடு விரல்களின் அடியிலுள்ள மெத்தை போன்ற பகுதியில், வட்டமாக, கெட்டியாக ஒரு புள்ளி தெரியும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சிமெண்டுத் தரையிலும் சரளையிலும் நொண்டும் நாய், புல்தரையில் நன்றாக நடந்தால் கால் ஆணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவர் அதைத் தோண்டி எடுத்தாலும் பல நேரம் மீண்டும் வளரும். பிரிட்டனில் அண்மைய ஆண்டுகளில், விரலை மடக்கும் தசைநாரை வெட்டிவிட்டு அந்த இடத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சையும் செய்யப்படுகிறது. மனிதர்களுக்கான கால் ஆணி மருந்தை நாய்க்குப் போடக் கூடாது.

ஆறாவது, உள்ளே தங்கிய முள் அல்லது குச்சித் துண்டு. மேலே புண் ஆறியது போலிருக்கும், சில நாளில் மறுபடி வீங்கிச் சீழ் வடியும். இப்படி ஆறி ஆறி வெடிக்கும் புண்ணில் அந்நியப் பொருள் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

ஏழாவது காரணம் விரலிலேயே இருக்காது. முதுகுத் தண்டிலோ நரம்பிலோ கோளாறு உள்ள நாய், பாதத்தைச் சரியாகத் தூக்காமல் இழுத்து நடக்கும். அதனால் நகத்தின் மேற்புறம் தேய்ந்து, விரலின் மேல்பக்கம் அடிக்கடி காயமாகும். இந்த நாய்க்கு விரலில் எத்தனை கட்டுப் போட்டாலும் பயனில்லை.

கடைசியாக, யாரும் நினைக்க விரும்பாத ஒன்று புற்றுநோய். வயதான நாய்களுக்கு நகத்தின் அடியில் கட்டி வளர்ந்து, அடிபட்ட வீக்கம் போலவே தோற்றமளிக்கும். மருந்துக்கு அடங்காமல் பெரிதாகிக்கொண்டே போகும் விரலை எக்ஸ்ரே எடுத்து, தேவையானால் சிறு சதையை எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். கிரேஹவுண்ட் நாய்களுக்குக் கால் எலும்பில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் அதிகம். ஆகவே, நொண்டல் நீடித்தால் விரலோடு நிறுத்தாமல் கால் முழுவதையும் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்யலாம், செய்யக் கூடாது

அடிபட்ட நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் வலியில் கடிக்கக்கூடும். முதலில் வாய்ப்பூட்டு அணிவித்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பாதத்தைப் பார்க்க வேண்டும். மற்ற காலின் அதே விரலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு கலந்து கழுவலாம். இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் ஐந்து முதல் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இடையிடையே திறந்து பார்த்தால் இரத்தம் நிற்காது.

காயத்தில் காப்பித் தூளோ தேயிலைத் தூளோ அப்புவது வேண்டாம். நாய் அதை நக்கும், அதிலுள்ள காஃபின் நாய்க்கு நஞ்சு. வீட்டுக் கிருமிநாசினியை நீர் கலக்காமல் ஊற்றினால் ஆற வேண்டிய சதையே வெந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், மனிதர்களுக்கான வலி மாத்திரை கொடுக்கக் கூடாது. ஐபுபுரோஃபேன் நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். பாராசிட்டமோல் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். நாய்க்கென்றே வலி மருந்துகள் இருக்கின்றன, அவற்றை மருத்துவர் எடை பார்த்துத் தருவார்.

கட்டுப் போடும்போது விரல்களுக்கு இடையே சிறிது பஞ்சு வைத்து, நடு விரல்கள் இரண்டின் நுனியும் வெளியே தெரியும்படி கட்ட வேண்டும். தினமும் இரு முறை அந்த நுனிகளைப் பார்க்க வேண்டும். வீங்கினாலோ, சில்லிட்டாலோ, கட்டிலிருந்து நாற்றம் வந்தாலோ உடனே அவிழ்க்க வேண்டும். இறுக்கமான கட்டு இரத்த ஓட்டத்தைத் தடுத்துப் பாதத்தையே அழித்துவிடும். ஈரமான கட்டு, கட்டே இல்லாததைவிடக் கெடுதல். வெளியே கூட்டிச் செல்லும்போது பிளாஸ்டிக் பை மாட்டலாம், ஆனால் வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும்.

பாதிக் கிணறு தாண்டும் ஓய்வு

காயம் திரும்பி வருவதற்கு மிகப் பெரிய காரணம் அரைகுறை ஓய்வுதான். வீக்கம் வடிய ஒரு வாரம் போதும். அறுந்த நார் கூடுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும், சில வேளைகளில் அதற்கும் மேல். இடைப்பட்ட நாட்களில் நாய்க்கு வலி குறைந்திருக்கும். அது துள்ளும், வாசலில் நின்று கெஞ்சும். வீட்டில் உள்ளவர்கள் இரக்கப்பட்டு அவிழ்த்துவிடுவார்கள். ஒரே ஒரு பாய்ச்சலில் பாதி கூடிய நார் மறுபடி அறுந்துபோகும். இது பாதிக் கிணறு தாண்டிய கதை. இரக்கம் என்று நினைத்துச் செய்வது நாய்க்குக் கெடுதலாக முடிகிறது.

ஓய்வு என்றால் கயிற்றில் கட்டி இயற்கை உபாதைக்கு மட்டும் வெளியே கொண்டுபோவது. படி ஏறுவது, சோபாவில் குதிப்பது, மற்ற நாயோடு விளையாடுவது எல்லாம் நிறுத்தம். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகும் ஒரேயடியாக ஓட விடக் கூடாது. சமமான புல்தரையில் சில நிமிட நடையில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் சிறிது கூட்ட வேண்டும். சரிவில் ஓடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. நடந்து வந்த பிறகு விரலிடுக்குகளைக் கழுவி நன்றாகத் துடைப்பதை அன்றாடப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் களைக்கொல்லி தெளித்த இடத்தை மிதித்திருந்தால் இது இன்னும் அவசியம்.

சுவரில் தொங்கும் நாட்காட்டியே நல்ல மருத்துவக் குறிப்பேடு. எந்த நாளில், எந்தக் கால், எத்தனையாவது விரல், அன்று எங்கே ஓடியது என்று ஒரு வரி எழுதி வைத்தால் மூன்று மாதத்தில் காரணம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மழைக்குப் பின், சரளைச் சாலையில், நகம் வெட்டாத வாரத்தில் என்று ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

மருத்துவரிடம் போகும் முன்

தானா ராத்தாவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கோ, ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கோ இறங்குவது வளைவுகள் நிறைந்த நீண்ட பயணம். ஒருமுறை போவதை முழுப் பயனுள்ளதாக்கிக்கொள்ள வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என மூன்று கோணங்களில் நாய் நடப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்து எடுத்துச் செல்லலாம். மருத்துவரைப் பார்க்கும் பரபரப்பில் நொண்டாமல் நடந்துவிடும் நாய்கள் உண்டு. எக்ஸ்ரே வசதி இருக்கிறதா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ள வேண்டும். சிக்கலான நிலையில், செர்டாங்கிலுள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை போன்ற பெரிய இடங்களுக்குப் பரிந்துரை கேட்கலாம்.

நாய் கிரேஹவுண்ட் இனம் என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். சில பழைய வகை மயக்க மருந்துகள் இதன் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறும். மயக்கத்தில் உடல் சீக்கிரம் சில்லிடும். சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே சிவப்பணு அதிகமாகவும் தட்டணு குறைவாகவும் காட்டும், அது இந்த இனத்தின் இயல்பு. அறுவைச் சிகிச்சை முடிந்து ஓரிரு நாள் கழித்து இரத்தம் கசியும் தன்மையும் சில கிரேஹவுண்ட் நாய்களுக்கு உண்டு. இதைத் தடுக்க மருந்து இருக்கிறது, முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நலம்.

விரலை எடுக்கச் சொன்னால்

சிம்பு வைத்துக் கட்டியும் நார் கூடவில்லை என்றால் மருத்துவர் மூன்று வழிகளைச் சொல்லலாம். நாரைத் தைத்துச் சரிசெய்வது, மூட்டை அசையாதபடி இணைத்துவிடுவது, கடைசி வழியாக விரலையே எடுத்துவிடுவது. மூன்றாவதைக் கேட்டதும் குடும்பமே கலங்கிப்போகும். பயப்படத் தேவையில்லை. ஓரத்திலுள்ள இரண்டாம் அல்லது ஐந்தாம் விரலை எடுத்த நாய்கள் பெரும்பாலும் நன்றாகவே நடக்கின்றன, ஓடுகின்றன. பாரம் தாங்கும் நடு விரல்கள் என்றால் கூடுதல் யோசனை தேவை. அவற்றை எடுத்தால் பக்கத்து விரலுக்குச் சுமை கூடும். அப்போது இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்பதில் தவறில்லை. ஆனால் காரணம் புற்றுநோய் என்று உறுதியானால் தயங்கி நாளைக் கடத்தக் கூடாது. அங்கே விரலைக் கொடுத்துத்தான் உயிரைக் காக்க வேண்டும்.

2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வளர்ப்புப் பிராணியை வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து காப்பது வளர்ப்பவரின் கடமை என்கிறது. சட்டம் சொல்வதற்காக மட்டும் அல்ல. நாய் தன் வலியைச் சொல்லத் தெரியாத பிராணி. எசமானர் அழைத்தால் நொண்டும் காலோடும் ஓடி வரும். அது ஓடி வருவதைப் பார்த்து, "சரியாகிவிட்டது" என்று முடிவு கட்டிவிடுவதுதான் ஆபத்து. ஒரு விரல் முதல் முறை அடிபட்டால் கட்டுப் போடலாம், கவனிக்கலாம். அதே விரல் இரண்டாம் முறையும் அடிபட்டால் கட்டோடு நிறுத்தாமல் காரணத்தைத் தேட வேண்டும். மூன்றாம் முறை வரும்வரை காத்திருக்கக் கூடாது.